ஒன்பதாம் பாட்டின் சுருதி

தவக்காலம் என்றதும் இன்றைக்கும் என் மூக்குக்கு முதலில் எட்டுவது ஈரக் கொழுந்துச் சாக்கின் வாசனைதான். பதுளைக்கு மேலே எங்கள் தோட்டத்தில், அக்காலத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மாலைக் கொழுந்து நிறுத்து முடிந்ததும், பெண்கள் இடுப்பில் கட்டிய சாக்குத் துணியான "படங்கை" அவிழ்க்கக்கூட நேரமில்லாமல் அப்படியே சிலுவைப்பாதைக்கு வந்து நிற்பார்கள்.

கர்நாடக சங்கீதம் கற்ற ஓர் உபதேசியார் முன்னொரு காலத்தில் பதினான்கு நிலைகளுக்கும் பதினான்கு கீர்த்தனைகள் கட்டி, ஒட்டினாற்போல் வரிசையாக நிற்கும் எங்கள் "லயத்தில்" வீட்டுக்கு ஒன்றாகப் பங்கிட்டுவிட்டுப் போயிருந்தார். அந்தந்தப் பாட்டை அந்தந்த வாசலில் அந்த வீட்டார்தான் பாட வேண்டும். சுருதிப்பெட்டி கிடையாது, முந்தின வீட்டார் முடித்த சுருதியிலேயே அடுத்தவர் எடுக்க வேண்டும் என்பதால், நடுவில் ஒன்றை விட்டுவிட்டுப் போக முடியாது. பதினான்கும் சேர்ந்து ஒரே பாட்டு என்பார்கள்.

ஒன்பதாவது, ஸ்டெல்லா அக்கா வீட்டு முகாரி. பத்தாவது எங்களுடையது. எனக்குப் பதினொரு வயதான வருடம், அதன் முதல் அடியை நான் எடுப்பதென்று முடிவானது. ஸ்டெல்லா அக்காவுக்கு வெண்கலக் குரல். அந்த உயரத்துக்கு நானும் ஒரு மாதம் தொண்டை கிழியப் பழகினேன். அதற்குள் அவர் வீட்டுவேலைக்குக் குவைத் போய்விட்டார். வேறு யாராவது பாடட்டும் என்றதற்கு, என்னோடு படித்த அவர் மகள் ஜெசிந்தா ஒப்பவில்லை.

"அது எங்கம்மா பாட்டு. அவங்கதான் பாடணும்."

"அப்ப போன்லயே பாடச் சொல்லுவோம்," என்றார் அவள் அப்பா.

நாங்கள் தண்ணீர் பிடிக்கும் "பீலிக்கு" மேலே இருந்த மேட்டில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். ஆகவே ஒன்பதாம் நிலை அன்று வாசலை விட்டு மேடேறியது. ஜெசிந்தா கைபேசியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். போனில் குரல் எப்படி வருமோ, இணைப்பு கிடைக்காவிட்டால் பழகிய உயரத்திலேயே எடுக்கலாமே என்று, கிடைக்கவே கூடாதென்று வேண்டிக்கொண்டேன். கிடைத்துவிட்டது.

"சத்தமாப் பாட முடியாதுங்க. மேடம் வீட்ல இருக்காங்க. குசினியிலருந்துதான் பேசுறேன்."

பாடினார். முணுமுணுப்பைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். லயமே ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து நின்று கேட்டது. ஜெசிந்தா கையைத் தாழ்த்தாமலே அழுதாள்.

"அவ முடிச்ச எடத்துலதான் எடுக்கணும்," என்று அம்மா என் முதுகில் கை வைத்தார். எடுத்தேன். அவ்வளவு கீழே என் குரல் போகவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. அம்மா சேர்ந்து பாடி ஒப்பேற்றினார். மீதிப் பாட்டுகளும் அங்கேயே தவழ்ந்தன. ஜெசிந்தாமேல் எனக்கு வந்த கோபம் ஆற ஒரு வாரமானது; வெட்கம் வந்தது அதற்கும் பிறகுதான்.

நான்கு தவக்காலங்கள் அப்படியே போயின. ஐந்தாம் வருடம் ஸ்டெல்லா அக்கா தம் வாசலிலேயே நின்றார். எட்டாம் வீட்டார் முடித்த உயரத்தில் தொடங்கியவர், முதல் அடியிலேயே இறங்கிவிட்டார்.

"இதுக்கு மேல வரமாட்டேங்குது. நாலு வருசம் மெதுவாவே பேசிப்பேசி, தொண்டை அங்கனயே நின்னுருச்சு," என்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

போன தவக்காலத்தில் பதுளையிலிருந்து மகளை அழைத்துக்கொண்டு போயிருந்தேன். லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஸ்டெல்லா அக்காவும் இப்போது உயிரோடு இல்லை. அவருடைய வெண்கலக் குரலைக் கேட்டவர்கள் மிஞ்சிப்போனால் ஐந்தாறு பேர் இருப்போம். ஒன்பதாம் பாட்டை இப்போது ஜெசிந்தா பாடுகிறாள், அதே தாழ்ந்த சுருதியில்.

"ஆண்டவரு மூணாந்தரம் விழுற எடம்ல, அதான் உபதேசியாரு இங்க கீழ எறக்கி வச்சிருக்காரு," என்று ஓர் இளம்பெண் என் மகளுக்கு விளக்கினாள்.

ஜெசிந்தாவுக்கும் அது கேட்டிருக்கும். என்னைப் பார்த்தாள். இருவருமே திருத்தவில்லை. அவள் முடித்த இடத்திலேயே பத்தாவதை எடுத்தேன். இப்போது அந்த ஆழம் எனக்கு எட்டுகிறது.