விட்டுப்போன வீடு

மலையடிவாரத்துக் குரங்கணியில் வாடகைக்குப் பிடித்த ஒற்றை அறையில் இருபது நாற்காலிகளைப் போட்டு, தூக்குச்சட்டி நிறையச் சுக்குக் காப்பி வைத்து, ரத்தக் கொதிப்பு பார்க்கும் கருவியை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு பெண்கள் காலை ஏழு மணியிலிருந்து காத்திருந்தார்கள். எட்டே காலுக்கு ஒரு நாய் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மனுசர் யாரும் வரவில்லை. ஜெயபாக்கியத்துக்கு வந்த எரிச்சலில் அந்தக் காப்பி முழுவதையும் அவளே குடித்துத் தீர்த்தாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மரிவிக். பிலிப்பைன்ஸில் நாற்பது வருசம் நர்சாக இருந்து ஓய்வு பெற்று, அறுபத்திரண்டு வயதில் கிறிஸ்தவ ஊழியம் என்று போடிநாயக்கனூருக்கு வந்து இறங்கியவர். மலைச்சனங்களின் வாயில் அந்தப் பெயர் நுழையாமல் மேரியம்மா ஆகிவிட்டார். அவர் பேச்சை மொழிபெயர்க்கவும் கூடமாட ஒத்தாசை செய்யவும் சபை வைத்த ஆள்தான் ஜெயபாக்கியம். முப்பத்தெட்டு வயது. குரங்கணியில் பிறந்து ஏலத்தோட்டத்தில் வளர்ந்தவள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் ஆறு வருசம் இருந்து இங்கிலீஷ் பழகியவள். ஜீப்பு ஓட்டும் பெத்துராஜைக் கட்டிக்கொண்டு போடிக்குக் குடிவந்தவள்.

அந்த அறை நிலைக்க வேண்டும் என்பதில் மேரியம்மாவைவிட அவளுக்குத்தான் வெறி அதிகம். ஐந்து வருசத்துக்கு முன்னால் அவளுடைய அக்கா சுஜாதா, காய் எடுத்துக்கொண்டிருந்தவள் அப்படியே ஏலச்செடித் தூரில் சாய்ந்து போனாள். ஜீப்பு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கொதிப்பு என்றார்கள். நாற்பத்தோரு வயது வரைக்கும் அக்காவின் கையில் ஒருத்தரும் அந்தப் பட்டையைச் சுற்றிப் பார்த்ததில்லை. இப்போது பார்க்க ஆள் வந்திருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆள் வரவில்லை. சபைக் கமிட்டியோ, வாரம் ஒரு நாள் என்று மூன்று வாரம் பார்ப்போம், கூட்டம் சேராவிட்டால் அறையைக் காலி செய்துவிடுவோம் என்று கறாராகச் சொல்லியிருந்தது.

கூட்டம் எப்படிச் சேரும்? மேரியம்மா நோட்டீஸ் அடித்து டீக்கடையிலும் ஜீப்பு நிற்கும் இடத்திலும் ஒட்டினார். ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்ல வைத்தார். ஜெயபாக்கியம் அப்போதே சொன்னாள், வீடு வீடாகப் போய் ஆணையும் பெண்ணையும் பார்த்து, பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று. மேரியம்மா சிரித்தார். இது கல்யாணமா, வைத்தியம்தானே, நோவு உள்ளவர்கள் தானாக வருவார்கள் என்றார். வந்த லட்சணம்தான் இது.

இரண்டாவது வாரம் இதைவிட மோசம். ஜெயபாக்கியம் மருந்து எடுக்கப் போடிக்குப் போயிருந்த நாளில், மேரியம்மா தானே கிளம்பி, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் முதல் வீடான சூர்யகலா வீட்டுக்குப் போய், அவள் கொடுத்த காப்பியையும் குடித்திருக்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு கட்டு நோட்டீஸை அவள் கையில் கொடுத்து, மற்ற வீடுகளுக்கு நீயே கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். அடுத்த வீட்டு ஜக்கையனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "சூர்யகலா வாசல் தெரிஞ்ச காலுக்கு எங்க வாசல் தெரியலையாக்கும்" என்று அவர் ஆரம்பிக்க, லயமே முறுக்கிக்கொண்டது. ஊரைப் பகைத்துக்கொண்டு தான் மட்டும் போவானேன் என்று சூர்யகலாவும் வரவில்லை.

அன்றைக்கு இரண்டு பேருக்கும் நன்றாக முட்டிக்கொண்டது. வந்து நாலு மாதம் ஆகிறது, ஒருத்தர் மனசில் இருப்பதும் தெரியவில்லை என்று மேரியம்மா இங்கிலீஷில் பொரிந்து தள்ளினார். எல்லாரும் சிரிக்கிறார்கள், காப்பி தருகிறார்கள், வர்றோம் என்கிறார்கள், யாரும் வருவதில்லை. வர மாட்டோம் என்று யாராவது ஒருத்தர் முகத்துக்கு நேரே சொன்னால் நான் இங்கே நிம்மதியாகத் தூங்குவேன் என்றார். ஜெயபாக்கியத்துக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. சொன்னதைக் கேட்காத இந்த அம்மா மேல் ஒரு கோபம். உசிரு போகிற காரியத்தில்கூட வெற்றிலைபாக்கு வைத்து அழைக்க வேண்டும் என்று நிற்கிற தன் சனத்தின் மேல் இன்னொரு கோபம். இவர்களுக்கெல்லாம் எங்கிருந்து வருகிறது இந்த வீம்பு என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் ஜெயபாக்கியத்திடம் ஒன்றும் சொல்லாமல், ஆனால் அவள் சொன்ன வழியிலேயே, மேரியம்மா பெத்துராஜின் ஜீப்பில் ஏறி இரண்டு நாள் மலைக்குப் போனார். பெத்துராஜ் வந்து கதை கதையாகச் சொன்னான். காலில் அட்டை கடித்து ரத்தம் வழிய வழிய ஏறி இறங்கினாராம். வாசலில் நின்று, தெரிந்த நாலு தமிழ் வார்த்தையில், புருசன் பேர், பெண்டாட்டி பேர் சொல்லி, கை கூப்பி அழைத்தாராம். ஜக்கையன் வீட்டுக்கு மட்டும் இரண்டு தரம் போனாராம். "ஒரு வீடு விடல பாக்கியம்" என்றான்.

ஜெயபாக்கியத்துக்கு முதலில் சந்தோசமாகத்தான் இருந்தது. பிறகு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேரியம்மா குடியிருப்பது அடுத்த தெரு. அன்று சாயங்காலம் பால் வாங்க இந்த வழியாகத்தான் போனார். கையைக் காட்டிவிட்டுப் போனார். நாளைக்கு வந்துவிடு என்று ஒரு வார்த்தை இல்லை.

"நீ வீட்டு ஆளு, ஒனக்கெதுக்கு அழைப்பு?" என்றான் பெத்துராஜ்.

வீட்டு ஆள் என்றால் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அத்தனை வாசலும் தெரிந்தது, தொண்டை வற்றச் சொல்லிக்கொடுத்தவள் வாசல் தெரியவில்லையா? இது அசட்டுத்தனம் என்று அவளுக்கே தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? மறுநாள் ஆறு மணிக்கு ஜீப்பு வந்து ஆரன் அடித்தபோது, தலைவலி என்று சொல்லி அனுப்பிவிட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தாள். தேவைக்கு மேல் ஒரு கிலோ உரித்துவிட்டாள்.

பத்து மணிக்கு ஜீப்பு வாசலில் வந்து நின்றது. மேரியம்மா இறங்கினார். வந்து கூப்பிடட்டும், கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு போகலாம் என்று ஜெயபாக்கியம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஆனால் அவர் கூப்பிட வரவில்லை. முப்பத்தியொரு பேர் வந்தார்கள் என்றார். சூர்யகலாவுக்குக் கொதிப்பு இருநூறுக்கு நூற்றிருபது. உடனே ஆஸ்பத்திரிக்கு வா என்று கையைப் பிடித்து இழுத்தேன், சிரித்துக்கொண்டே வர்றேன் என்று சொல்லிவிட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள் என்றார்.

ஜெயபாக்கியம் வெங்காயக் கையைக்கூடக் கழுவவில்லை. ஜீப்பில் ஏறி, "வெரசா போங்க" என்று புருசனிடம் சொன்னாள். குரங்கணி வரும்வரை சுஜாதா அக்காதான் கண்ணுக்குள் நின்றாள்.

மேட்டில் மூன்றாவது ஏலச்செடிப் பத்தையில் சூர்யகலா குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தாள். ஜெயபாக்கியத்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கூடையைப் பிடுங்கிக் கீழே வைத்தாள்.

"என்ன மதினி, சொன்னா கேக்க மாட்டியா?"

"அவுக என்னமோ சொன்னாக. ஒண்ணும் வெளங்கல" என்றாள் சூர்யகலா. "நீ இருப்பேன்னுதான் வந்தோம். நீயே வராத எடத்த நம்பி நான் எப்பிடி ஆஸ்பத்திரிக்குப் போக?"

ஜெயபாக்கியம் அவள் கையைப் பிடித்து ஜீப்புக்கு நடத்திப் போனாள். தான் ஏன் வரவில்லை என்று சொன்னால் இவள் காறித் துப்புவாள். ஒருவேளை துப்பாமல், நியாயம்தானே என்பாள். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

சூர்யகலாவை நடுவில் உட்காரவைத்து ஜீப்பு போடிக்கு இறங்கியது. பாதி வழியில் பெத்துராஜ், மெதுவாக, யாருக்கு வந்த தலைவலியோ என்பதுபோல், காலையில் இவள் ஏன் வரவில்லை என்பதை மேரியம்மாவிடம் உடைத்துவிட்டான். அவர் ஜெயபாக்கியத்தின் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"பாக்கியம், நான் எல்லா வாரமும் உன் வீடு வந்து கூப்பிடணுமா?"

கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் ஜெயபாக்கியம் நினைத்தாள். சூர்யகலா அவள் தோளில் சாய்ந்திருந்தாள், வெயிலில் நின்ற உடம்பு சுட்டது. இந்தப் பாரத்தையும் வைத்துக்கொண்டு இப்படி ஒரு மனசு தனக்கு இருக்கிறதே என்று தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

"ஒரே ஒருதரம் வந்து சொல்லிருங்கம்மா" என்றாள்.