பதினைந்து நாள் லீவும் ஒரு பொயிலரும்

பன்னிரண்டு வருஷம் வெக்கையில் வெந்த உடம்பு, பதினைந்து நாள் லீவில் அந்தப் பழக்கத்தை மறந்துபோகுமா? ஆறுதலாக யோசித்துச் சொல்லுங்கள். நான் அவசரப்பட்டு ‘மறக்காது’ என்றேன். அந்தப் பதிலில்தான் என் அண்ணையின் நடை போனது. விலங்கியலில் பட்டம் வாங்கி ஆறு மாதம், படிப்புக்கேற்ற வேலை இல்லை, வாய் மட்டும் நிறைய இருந்தது.

அண்ணைக்குத் திருகோணமலைத் துறைமுகத்தில் பொயிலர், அதுதான் கப்பலின் நீராவிக் கொதிகலன், சுரண்டும் வேலை. கப்பல் வந்து கட்டியதும் நெருப்பை அணைத்து, பொயிலருக்குள் ஆளை இறக்கி, இரும்பில் படிந்த உப்பைச் சுரண்டி எடுப்பார்கள். முழுக்க ஆறும்வரை காத்திருக்கக் கப்பலுக்கு நேரம் இராது. உள்ளே மூச்சே சுடும். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார், எத்தனை மணிக்கு வெளியே வந்தார் என்று வாசலில் நின்று கொப்பியில் எழுதுவது என் வேலை. அதுவும் அண்ணை பிடித்துக் கொடுத்ததுதான்.

அந்த ஆட்களிடம் ஒரு வழக்கம். பத்து நாளுக்கு மேல் வராதவர், இருபது வருஷம் சுரண்டியவராக இருந்தாலும், திரும்பி வரும்போது புது ஆள். முதல் நாள் பத்து நிமிஷம் மட்டும் உள்ளே. மிச்ச நேரம் வாசலில் லாம்பு பிடிக்க வேண்டும். அடுத்த நாள் இருபது நிமிஷம். ஒரு கிழமை போனபின்தான் முழு நேரம். ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

அண்ணை மனைவியின் ஊரான இலங்கைத்துறையில் இரண்டு கிழமை மீன் தின்று, கன்னம் உப்பி வந்தார். கிண்ணியாக்காரரான கங்காணி லாம்பை அவர் கையில் திணித்தார்.

“இந்தாங்க புது மாப்பிள்ளை, வாசல்ல நில்லுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணையும் சிரித்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

“என்ன விசர்க் கதை இது? பன்னிரண்டு வருஷம் பழகின உடம்பு ரெண்டு கிழமையில மறக்குமே? சைக்கிள் ஓட மறக்குமே?”

“தம்பி, உங்கட படிப்பு எனக்குத் தெரியாது. வெக்கையைத் தெரியும்,” என்றார் கங்காணி.

“தெரிஞ்சா விளக்கம் சொல்லுங்கோவன்.”

அவர் அடுத்த ஆளைக் கூப்பிடத் திரும்பினார். அண்ணை என்னைப் பார்த்தார். தம்பி கங்காணியின் வாயையே அடைத்துவிட்டான் என்ற பெருமை அந்த முகத்தில். லாம்பைக் கீழே வைத்தார்.

“அவன் கம்பஸ்ல படிச்சவன். சும்மா சொல்லமாட்டான்.”

இறங்கிவிட்டார்.

ஒன்பது பத்துக்கு உள்ளே, என்று எழுதினேன். பத்து மணிக்குச் சுரண்டும் சத்தம் நின்றது. இழுத்து எடுத்தபோது தோல் நெருப்பாகச் சுட்டது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. வலிப்பு வேறு. வாளி வாளியாகக் கடல் தண்ணீரை ஊற்றி, லொறியில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது. நடை போனது, கை நிலைக்கவில்லை, பேச்சு விட்டு விட்டுத்தான் வந்தது. அசைவையும் பேச்சையும் சரிசெய்கிற மூளைப் பகுதியின் கலங்கள், அந்த உயிரணுக்கள், வெந்துவிட்டன, செத்த கலம் திரும்ப முளைக்காது என்றார் டொக்டர்.

ஒரு வருஷம் கழித்துக் கம்பஸ் நூலகத்தில் ஒரு சஞ்சிகை கையில் அகப்பட்டது. பழ ஈயின் குடம்பிக்கு, அதன் புழுவுக்கு, சூடு காட்டினால், கலம் மற்ற வேலைகளைக் குறைத்துவிட்டுச் சில புரதங்களை அவசரமாகச் செய்கிறதாம். கொஞ்சம் சூடு கண்ட கலம், பிறகு கொல்லும் சூட்டையும் தாங்குகிறதாம். விலங்குக் கலங்களிலும் அப்படித்தானாம். சூடு நின்றால் அந்தக் காவலும் சில நாளில் கரைந்துபோகுமாம். முழு மனித உடம்பிலும் இதுதானா என்று அதில் இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. முதல் நாள் பத்து, அடுத்த நாள் இருபது. கங்காணியிடம் நான் கேட்ட விளக்கம் இதுதான்.

செத்த கலத்தை எழுப்ப ஏதாவது இருக்கிறதா என்று கடைசிப் பக்கம்வரை தேடினேன். ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து எதையும் மறைக்காமல் அண்ணையிடம் சொன்னேன்.

“அப்ப... நீ... அண்டைக்குச் சொன்னது?”

“பிழை அண்ணை.”



“இப்ப... வடிவா... விளங்கப்படுத்தினாய்,” என்றார். அதே பெருமை. பிறகு கேட்டார்: “இனி... நடப்பனே?”

“ஏலாது அண்ணை.”

இப்போது மத்தியானம் பன்னிரண்டரை. அண்ணை குசினிக்குப் பக்கத்தில் கதிரையில் இருக்கிறார். சோறு நான்தான் ஊட்ட வேண்டும்.