உள்ளே பார்க்காத குழல்

ஊரைவிட்டுப் புலம்பெயர்ந்து வந்து, டோர்செட் பார்க்கில் குடியிருந்து பஸ் ஓட்டும் கோணேஸ்வரனுக்கு ஒரே ஒரு பைத்தியம்தான்: குறி பார்த்துச் சுடுவது. ஒரு தரத்துக்கு ஒரு தோட்டா மட்டுமே போடக்கூடிய போட்டித் துவக்கு ஒன்று வைத்திருந்தார். துவக்கு என்றாலே நம் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கோயிலில் ஒருவர், "உதுக்குப் பயந்துதானே அங்கயிருந்து ஓடி வந்தனாங்கள்?" என்று கேட்ட நாளிலிருந்து அவர் அந்தப் பேச்சையே வெளியில் எடுப்பதில்லை. யாராவது விசாரித்தால், மனுசன் மீன் பிடிக்கப் போய்விட்டார் என்று மனைவி யோகமலரும் சமாளித்துவிடுவார்.

அதனால்தான் அவர் சுடப் போகும் கிளப்பில் மகேஸ்வரன் வந்து சேர்ந்தபோது அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். இவரைப் போலவே திருகோணமலை ஆள், அதே பைத்தியம். மனம் விட்டுப் பேச ஒருவர் கிடைத்துவிட்டார் என்று பூரித்துப்போனார்.

இந்த வருடம் மாகாண அணியில் ஓர் இடம் காலியானது. அதற்குப் போட்டி போட்டவர்கள் இவர்கள் இருவரும்தான். அறுபதைத் தொட்டுவிட்ட கோணேஸ்வரனுக்கு, கண் மங்குவதற்குள் ஒரு தரமாவது அந்த அணியின் சட்டையைப் போட்டுவிட வேண்டும் என்று ஆசை. ஆனால் துவக்கின் குழல் தேய்ந்துபோய், குண்டுகள் இலக்கில் அங்குமிங்கும் சிதற ஆரம்பித்திருந்தன.

துவக்குத் திருத்தும் அன்ட்ரூ ஒரு புதுக் குழலை எடுத்துக் காட்டினார். வெளிப் பளபளப்பில் மயங்கக் கூடாது, உள்ளே சுருள் பள்ளங்கள் சீராக ஓடுகின்றனவா, வாய் விளிம்பு பிசிறில்லாமல் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றார். கோணேஸ்வரனும் அதையே வாங்குவதாக இருந்தார். அதற்குள் மகேஸ்வரன் வந்தார்.

"அண்ணை, என்னட்ட ஒண்டு சும்மா கிடக்கு. உதைவிடத் திறமான குழல், கையால மினுக்கினது. உங்கட துவக்குக்கு அளவாப் பொருந்தும். கொண்டுவந்து தாறன்."

சொன்னபடியே கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பூட்டுவதற்கு முன் அன்ட்ரூ மெல்லிய கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கப் போனார். வேண்டாம் என்று கோணேஸ்வரன் கையை மறித்தார். நம் ஆள் தந்த சாமானைச் சோதிப்பது, அவனைக் கள்ளன் என்று முகத்துக்கு நேரே சொல்வதல்லவா? அதுவும் ஒரு வெள்ளைக்காரனுக்கு முன்னால். நம் ஆட்களின் இந்த ரோஷத்துக்கு மருந்தே இல்லை.

பயிற்சியில் குண்டுகள் முன்னைவிட மோசமாகச் சிதறின. கோணேஸ்வரன் கண்ணாடியை மாற்றினார், தோட்டாவை மாற்றினார், தன் கை நடுங்குகிறது என்று தன்னையே திட்டினார். குழலை மட்டும் சந்தேகிக்கவில்லை. தெரிவுப் போட்டியில் படுதோல்வி. இடம் மகேஸ்வரனுக்குப் போனது.

அதற்குப் பிறகுதான் அன்ட்ரூ அவரைக் கேட்காமலே கேமராவை உள்ளே விட்டார். வாய்ப்பக்கம் முழுக்கத் துரு அரித்த குழிகள். அந்தப் படத்தைப் பார்த்த கோணேஸ்வரன் நேரே கிளப்புக்குப் போனார்.

கிளப் வாசலில் மகேஸ்வரனை மறித்தார்.

"தெரிஞ்சுகொண்டோ தந்தனீர்?"

மகேஸ்வரன் தலையைக் குனியவில்லை.

"ஓம் அண்ணை. எனக்கும் அந்த இடம் வேணுமாயிருந்தது. அன்ட்ரூ உள்ளுக்குப் பாத்திருந்தா அண்டைக்கே பிடிபட்டிருப்பன். ஆனா நீங்கள் அவரைப் பாக்க விடமாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்."