அலர்ட் வராத வாரம்

இரண்டாயிரத்துப் பத்தில் எனக்கு இரண்டு தொல்லைகள் இருந்தன. ஒன்று வேலையிடத்துக் கைபேசி. மற்றது என் தம்பி. இரண்டும் ஓயாமல் முறைப்பாடு சொல்லும்.

சிட்னியில் வீடுவீடாகப் பொதிகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு கம்பனியின் கணினிச் சேர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சேர்வர் தான் செய்வதையெல்லாம் வரிவரியாக ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். அதற்குப் பெயர் லொக். மனிதர் உட்கார்ந்து அதை வாசித்து முடிக்க முடியாது என்பதால் ஒரு மென்பொருளைக் காவலுக்கு வைத்திருந்தோம். லொக்கில் 'எரர்' என்ற சொல்லைக் கண்டால் போதும், என் கைபேசிக்கு அலர்ட் வந்துவிடும். பூசையில் நிற்கும்போதும் வரும், பென்டில் ஹில் கடையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நிற்கும்போதும் வரும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் இராது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தம்பி ஊரிலிருந்து உயிருக்குப் பயந்து படகில் வந்தவன். வில்லாவுட் தடுப்பு முகாமில் விசா முடிவுக்காகக் காத்திருந்தான். தினமும் மத்தியானம் எனக்குப் போன் எடுப்பான். அறையில் இருப்பவன் குறட்டை விடுகிறான், மொழிபெயர்ப்பாளர் சொன்னதில் பாதியை விழுங்குகிறார் என்று அடுக்குவான். "நானென்ன உன்ர கொம்பிளைன்ற் ஒஃபீஸோ?" என்று நானும் விடமாட்டேன்.

பிறகு ஒரு வாரம் இரண்டும் அடங்கின. கைபேசியில் சத்தமில்லை. தம்பியும் எனக்குப் போன் எடுக்கவில்லை. நான் அவனுக்கு எடுத்தால், "சுகம் அக்கா. ஒரு பிரச்சினையும் இல்லை," என்று வைத்துவிடுவான்.

"ஒரு மாதிரிப் பழகிட்டான் போல," என்றார் என் கணவர். "நீயும் நிம்மதியா இரு."

இருந்தேன், வெள்ளிக்கிழமை வரை.

அன்று காலை, பொதிகள் வந்து சேரவில்லை என்று வாடிக்கையாளர்கள் கத்தத் தொடங்கினார்கள். எங்கள் மென்பொருளோ எல்லாவற்றுக்கும் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைச் சென்னைக்காரர் சேர்வருக்குள் போய்ப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"டிஸ்க் ஃபுல்லுங்க. லாக் எழுதவே இடம் இல்ல. எரர் வந்திருக்கு, ஆனா எங்க போய் எழுதும்? அதான் உங்களுக்கு அலர்ட் வரல."

டிஸ்க் திங்கட்கிழமையே நிரம்பியிருக்கிறது. அதற்குப் பிறகு சேர்வர் இழுத்துப் பறித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. பிழையைத் தேடு என்று மென்பொருளுக்குச் சொல்லியிருந்தோம். வரியே வராமல் போனால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லவில்லை. பழைய கோப்புகளை அழித்து இடம் எடுத்தோம். கொஞ்ச நேரம் ஒரு வரியும் எழுதப்படாவிட்டால் உடனே அலர்ட் அனுப்பு என்று நான் புதிதாக ஒரு விதி எழுதினேன். எழுதி முடித்ததும் கதிரையில் இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், வந்தேன், மறுபடி எழுந்தேன். என் தம்பியாவது, பிரச்சினை இல்லை என்பதாவது.

அந்தச் சனிக்கிழமை அலர்ட்டுகளைக் கவனிக்கும் முறை என்னுடையது. முகாமுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது, வாசலில் பூட்டி வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அதனாலேயே என் முறை வரும் வாரங்களில் நான் அங்கே போவதில்லை. சென்னைக்காரரிடம் கேட்டேன்.

"என் நம்பருக்கு மாத்தி விடுங்க, நான் பாத்துக்கறேன். என்ன, வீட்ல யாருக்காவது முடியலையா?"

"தெரியேல்லை. அதைத்தான் பாக்கப் போறன்," என்றேன்.

தம்பி முகம் மழித்து, தலை வாரி வந்து முன்னால் இருந்தான். கொண்டுபோன புட்டையும் கோழிக்கறியையும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டான். "நல்லாயிருக்கு அக்கா," என்றான். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. என் சமையலை அவன் ஒருநாளும் நல்லது என்றதில்லை.

"என்னடா நடந்தது?"

"ஒண்டுமில்லை."

"பொய் சொல்லாத. அறைஞ்சு போடுவன்."

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "விசா தரமாட்டம் எண்டிட்டாங்கள். போன கிழமையே. வாற திங்கக்கிழமை, என்னைத் திருப்பி அனுப்புங்கோ எண்டு சொல்லப்போறன். கத்தினது காணும் அக்கா. அலுத்துப் போச்சு."

"அங்க போனா ஆமிக்காரங்கள் என்ன செய்வாங்கள் எண்டு தெரியுந்தானே?"

"தெரியும்."

அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. கத்தினேன். காவலாளி திரும்பிப் பார்த்தார். "வரேக்கயும் என்னட்டக் கேக்கேல்லை, போகேக்கயும் கேக்காமல் போவியோ? என்னை என்னெண்டு நினைச்சனீ?" பாதி கோபம், பாதி பயம். அவன் மரம் மாதிரி இருந்தான். கடைசியில், அப்பீல் போடலாம், திங்கட்கிழமை காலையே அவனுடைய விசா வழக்கைப் பார்க்கும் லோயருடன் கதைக்கிறேன் என்றேன்.

தம்பி நிமிர்ந்தான். "அந்த ஆளோ? அவனுக்கு என்ர பேரே ஒழுங்காச் சொல்லத் தெரியாது. இன்ரவியூவில பக்கத்தில இருந்து கொட்டாவி விட்டவன். நீயும் ஒரு ஆளைப் பிடிச்சுத் தந்தனீ."

பிறகு நிற்கவில்லை. லோயரில் தொடங்கி என்னில் வந்து நின்றான். வாரக்கணக்காக நான் எட்டிப் பார்க்கவில்லையாம். புட்டு கல்லாம், தொண்டையில் இறங்கவில்லையாம். "வேற லோயரைப் பார். திங்கக்கிழமைக்குள்ள பார்," என்றான்.

நான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். "இப்ப என்னத்துக்கு அழுறாய்?" என்று அதற்கும் ஏசினான்.