எலுமிச்சம்பழத்துக்கு முதுகு காட்டிய கார்

எனக்கு உயரம் கிடையாது. இதைச் சொல்வதில் வெட்கமும் கிடையாது. வட்டவளைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்கு நான் மருத்துவிச்சி. பிள்ளைப்பேறு பார்க்க உயரம் எதற்கு? கை சுத்தமும் வாய்த் துணிச்சலும் போதும், இரண்டும் என்னிடம் தாராளமாகவே இருந்தன. உயரம் தேவைப்பட்டது ஒரே ஓர் இடத்தில்தான். ஸ்டோருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த சிவப்புக் காரில்.

எங்கள் பக்கத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்போம். என் வீட்டுக்காரர் அங்கே மெஷின்களைப் பார்க்கிற பிட்டர். அந்தக் கார், நுவரெலியாவில் சீசன் சமயத்தில் நடக்கும் மலையேற்றப் பந்தயத்தில் ஓட்டுவதற்காக எங்கள் தோட்டத்து உதவி மேனேஜர் சின்னதுரை வைத்திருந்தது. இரண்டே இரண்டு சீட்டு, மேலே கூரை இல்லை, பழைய வண்டி. துரை அதை ஓட்டிய நேரத்தைவிட என் வீட்டுக்காரர் அதன் அடியில் படுத்துக் கிடந்த நேரம் அதிகம். துரை ஒரேயடியாகச் சீமைக்குத் திரும்பியபோது, "இத உன்னத் தவிர எவனும் ஓட வைக்க மாட்டான்" என்று அவரிடமே விட்டுவிட்டுப் போனார்.

அந்த வண்டிக்கு மூன்று கியர், ஒரு ரிவர்ஸ். கியர்த் தண்டு ஓட்டுகிறவரின் கால்களுக்கும் முன்னால், டாஷ்போர்டுக்கு அடியில் எங்கேயோ போய் நின்றுகொண்டிருந்தது. ஆறடி துரைக்கு அது சரி. எனக்கு? முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணை வைத்தால் கால் எட்டும், கை எட்டாது. கியர் மாற்றக் குனிந்தால் தலை உள்ளே போய்விடும். ஒருநாள் அப்படி ஓட்டிப் பார்த்ததற்கு, நர்சம்மா காரைப் பேய் ஓட்டுகிறது என்று மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பேச்சு. ஹட்டனில் ஒருவரின் சின்னக் காரில் ஒழுங்காகப் படித்து லைசென்ஸ் எடுத்தவள் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

சும்மா ஊர் சுற்றுவதற்காக நான் இந்தக் காருக்கு மல்லுக்கட்டவில்லை. என் தங்கச்சியை எங்கள் தோட்டத்து மேல்கணக்கில் கட்டிக்கொடுத்திருந்தோம். தோட்டத்தின் மேல் பாதியைத்தான் மேல்கணக்கு என்பார்கள். ஆஸ்பத்திரியும் எங்கள் குவார்ட்டர்ஸும் கீழே, அவள் குடியிருந்த லயத்து வரிசை வீடு மலை உச்சியில். அவளுடைய முதல் பிரசவத்துக்கு ஆள் வந்து கூப்பிட்டபோது லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. நடந்தே ஏறினேன். மூச்சு வாங்க நான் வாசலில் கால் வைத்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை தங்கவில்லை. ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குத் தொப்புள்கொடி வெட்டினவள், சொந்தத் தங்கச்சி பிள்ளைக்குப் போய்ச் சேரவில்லை. அந்த வேதனையை நான் யாரிடமும் சொல்லி அழவில்லை, கார்மேல் கோபமாக வைத்துக்கொண்டேன். இப்போது அவள் மறுபடி மாசமாக இருந்தாள்.

நான் குனிந்து குனிந்து அவஸ்தைப்பட்டதைத் துரை போவதற்கு முன், காரை ஒப்படைத்த அன்று ஒரு தடவை பார்த்துச் சிரித்திருக்கிறார். சிரித்த பாவத்துக்கோ என்னவோ, சீமையிலிருந்து ஒரு பார்சல் அனுப்பினார். பிரித்தால் ஒரு குட்டைக் கியர். ஒரு சாண் உயரத் தண்டு, அதைப் பெட்டியோடு இணைக்க நீளமான இரும்புக் கம்பி, நடுவில் முன்னும் பின்னும் ஆடுகிற ஒரு துண்டு, கை நிறைய போல்ட்டு. பழைய தண்டைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால், கியர் என் இடது கைக்குப் பக்கத்தில், சீட்டோரமாகவே வந்து உட்கார்ந்துவிடும்.

என் வீட்டுக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காரின் வயிற்றை முழுக்கத் திறந்து போட்டார். எண்ணெய் கசியாமல் இருக்க வேண்டிய இடத்துக்குத் தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டுகிற ஈயத்தாளை வெட்டிப் போட்டார். தரையில் ஓட்டை விழுந்த இடத்தை மூட ஏதாவது கெட்டித் துணி கேட்டார். என் பழைய கம்பளியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தேன். அந்த ஆடுகிற துண்டு மட்டும் இரண்டு பக்கமாகவும் பொருந்தியது. எது முன், எது பின் என்று சந்தேகம்.

"ஓட்டிப் பாத்தா தெரிஞ்சிரப் போகுது புள்ள" என்றார்.

அங்கேதான் வந்து நின்றார் எங்கள் மாரியம்மன் கோயில் பூசாரி.

"பிரிச்சு மாட்டுன வண்டி புது வண்டி மாதிரிதாங்க. பூசைக்கு முன்ன சக்கரம் சுத்தப்படாது. மொத அசைவு பழத்து மேல, முன்னாலதான் போவணும்."

"ஓட்டிப் பாக்காம எப்படிங்க சாமி மூடுறது?"

"ஆத்தா பாத்துக்குவா."

தோட்டத்தில் எந்த வண்டிக்கும் அதுதான் வழக்கம், மீற முடியாது. என் வீட்டுக்காரர் ஒரு பக்கமாக வைத்து முறுக்கி மூடிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டோர் வாசலில் பூசை. வண்டிக்கு மாலை, சந்தனம், குங்குமம், முன் சக்கரங்களுக்கு முன்னால் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். மேல்கணக்கிலிருந்து தங்கச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி வந்திருந்தாள், கூடவே அவள் மாமியாரும். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். பக்தி உள்ளவர். சகுனம் என்றால் உயிர்.

"நீயே எடு புள்ள. ஒனக்காகத்தான மாட்டுனேன்" என்று வீட்டுக்காரர் இறங்கிக்கொண்டார்.

நான் ஏறி உட்கார்ந்தேன். ஆகா, கையை நீட்டவே வேண்டாம், கியர் தானாகக் கைக்குள் வந்தது. ஹட்டனில் படித்த மாதிரி முதல் கியரைப் போட்டேன். பூசாரி கற்பூரத்தைக் காட்டினார், தேங்காய் உடைந்தது, நான் கிளட்சை விட்டேன்.

வண்டி பின்னால் போனது. சும்மா போகவில்லை, பாய்ந்து போனது. நல்ல இடம் பார்த்து நின்றிருந்த மேற்பார்வைக் கண்டாக்கையா தொப்பியோடு தண்ணீர் ஓடுகிற கானுக்குள் குதித்தார். கொழுந்துச் சாக்கு அடுக்கில் போய் மோதித்தான் நான் நின்றேன். இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு கீறல் இல்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தன. அந்த ஆடுகிற துண்டு தலைகீழ். முதல் கியர் இருக்க வேண்டிய இடத்தில் ரிவர்ஸ்.

களமே விழுந்து விழுந்து சிரித்தது. கானுக்குள்ளிருந்து கண்டாக்கையாவும் சிரித்தார். ஆத்தா பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பாள், அவளும் சிரித்திருப்பாள். சிரிக்காதவர் அத்தை ஒருவர்தான்.

"பின்னால போன வண்டி எங்க வாசலுக்கு வரவேண்டாங்க நர்சம்மா. ஒண்ண எழந்துட்டு நிக்கிறோம். எங்க லயத்துலயே ஒரு கெழவி இருக்கா, அவ பாத்துக்குவா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அத்த, கார் பின்னால போனதுக்கும் புள்ளைக்கும் என்னா சம்பந்தம்? கியர மாத்தி மாட்டுனவரு அந்தா நிக்கிறாரு, அவரத் திட்டுங்க!" என்று கத்தினேன். அவர் காதில் வாங்கவில்லை. என் தங்கச்சி கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது அவள் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவே இல்லை.

அடுத்த நாள் என் வீட்டுக்காரர் பூசாரி கண்ணில் படாமல் அந்தத் துண்டைத் திருப்பி மாட்டினார். இந்தத் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் மூடினார். அதற்குப் பிறகு சாயந்தரமானால் ஸ்டோர் ரோட்டில் நான்தான். கியர் வெண்ணெயாக விழுந்தது.

"எல்லாம் சரி. பெட்ரோல் டேங்க் டாஷ்போர்டுக்கு அந்தாண்ட இருக்கு, பெட்ரோலு தானா வடிஞ்சுதான் இஞ்சினுக்குப் போகுது" என்று ஒருநாள் சொன்னார். "செங்குத்தா ஏறுனா மூக்கு மேல தூக்கிக்கும், பெட்ரோல் போகாது, நின்னுரும். அந்த மாதிரி எடத்துல தொர வண்டியத் திருப்பிப் போட்டு ரிவர்ஸ்லதான் ஏத்துவாரு."

"ஒங்க தொரைக்கும் கிறுக்கு, ஒங்களுக்கும் கிறுக்கு" என்றேன் நான்.

ஒரு மத்தியானம், நல்ல மழை. தங்கச்சி புருஷன் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தான்.

"அக்கா, வலி வந்துருச்சு. எங்க அம்மா ஒங்களக் கூப்புட வேணாங்கிறாங்க. அவ ஒங்களத்தான் கேட்டு அழுவுறா."

"வண்டில ஏறு தம்பி" என்றேன். என் பையை அவன் மடியில் போட்டேன்.

பாதி மலைவரை கார் பாடிக்கொண்டே ஏறியது. மேல்கணக்கு லயத்துக்குத் திரும்புகிற கடைசி ஏற்றம் கூரை போல நிமிர்ந்து நிற்கும். அதில் ஏறியதுதான் தாமதம், இரண்டு தடவை இருமிவிட்டு இஞ்சின் நின்றுவிட்டது. மறுபடி கிளப்பினேன், மறுபடி நின்றது. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்தது. போன தடவை மாதிரியே ஆகிவிடுமோ என்று பயந்தேன். அப்போதுதான் துரையின் கிறுக்கு ஞாபகம் வந்தது. கொழுந்து லொறி திரும்புகிற இடத்துக்குச் சறுக்கி இறங்கினேன், வண்டியைத் திருப்பி முதுகை மலைக்குக் காட்டினேன்.

"அக்கா, பின்னாலயா?"

"பின்னாலதான். வாய மூடிட்டு அந்தப் பக்கம் பள்ளத்தப் பாத்துச் சொல்லு!"

கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தபடியே கையைப் போட்டேன். குட்டைக் கியர் அங்கேயே இருந்தது, ரிவர்ஸ் விழுந்தது. பழைய தண்டாக இருந்தால் குனிந்து தேடிக்கொண்டு பள்ளத்தில்தான் கிடந்திருப்போம். அவன் "வலது, வலது, அய்யோ அக்கா வலது" என்று அலற அலற, கார் முதுகைக் காட்டிக்கொண்டே மலை ஏறியது. லயத்து வாசலில் போய்த்தான் நிறுத்தினேன்.

இஞ்சின் சத்தத்துக்கு அத்தை லயத்து அறையான காம்பராவுக்குள்ளிருந்து வெளியே வந்தார். வராதே என்று சொன்ன அதே வண்டி, அவர் சொன்ன மாதிரியே பின்னால் பின்னால் வந்து அவர் வாசலில் நிற்கிறது. நான் பையை எடுத்துக்கொண்டு சண்டைக்குத் தயாராக இறங்கினேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

"புள்ள குறுக்கால கெடக்குதுங்க. கெழவி கைய விரிச்சுட்டா" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "முன்னால வந்தா என்னா, பின்னால வந்தா என்னா. வந்துட்டீங்கல்ல, உள்ள போங்க தாயி."

பிள்ளையைத் திருப்பி எடுக்க நேரமாயிற்று. என் தங்கச்சி என் சட்டையைப் பிடித்துக் கிழித்தே விட்டாள். பொட்டைப் பிள்ளை. வெளியே வந்ததும் போட்ட சத்தத்தில் அடுத்த காம்பராவில் தூங்கின கோழியெல்லாம் எழுந்துகொண்டது. நான் அன்றைக்குத்தான் அழுதேன், அந்த முதல் பிள்ளைக்கும் சேர்த்து. யார் பார்த்தால் எனக்கென்ன!

மழை விட்டிருந்தது. கையைக் கழுவிக்கொண்டு காரிடம் வந்தேன். அத்தை அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். லயத்துத் தோட்டத்தில் பறித்த எலுமிச்சம்பழங்களைச் சக்கரங்களுக்கு வைத்துக்கொண்டிருந்தார். முன்னால் இரண்டு. எழுந்து சுற்றிப் போய், பின்னாலும் இரண்டு.

"என்னா அத்த இது?"

"ஒங்க வண்டி எந்தப் பக்கம் போகும்னு எனக்கெங்க தெரியுது" என்றார். "எப்படியும் மிதிச்சுட்டுப் போங்க."