அடுத்த மரத்துக்குப் போ

என் அக்காவுக்கு நான் இரண்டு நாள் கம்ப்யூட்டராக இருந்திருக்கிறேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் கம்ப்யூட்டரை நேரில் பார்த்ததில்லை. பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த அக்கா, அதற்கு வேலை சொல்லித்தரும் படிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள். கிள்ளானில் இருந்த கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு அழைத்தது. வீட்டார் செய்யும் ஏதாவது ஒரு வேலையை, ஒன்றும் தெரியாதவன்கூடச் செய்யும்படி படிப்படியாக எழுதிவர வேண்டுமாம். இடம் கிடைக்காவிட்டால் ஃபேக்டரி பஸ் ஏற வேண்டியதுதான் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அம்மாவின் வேலையையே அக்கா எழுதினாள்: மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழங்களைப் பொறுக்குவது. ஒன்றும் தெரியாதவனைத் தேடி அவள் வெளியே போகவில்லை.

"நீ யோசிக்கவே கூடாது லா. தாள்ல இருக்கறத மட்டும் செய்," என்றாள்.

பள்ளியில் யோசி, யோசி என்று அடிப்பார்கள். நான் சந்தோஷமாகச் சாக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பழத்தைப் பொறுக்கு, தரையில் பழம் இல்லையென்றால் அடுத்த மரத்துக்குப் போ. தாளில் இருந்தது அவ்வளவுதான். எங்கள் மர நிரை எல்லைக் கால்வாயில் முடிந்தது. அந்தப் பக்கம் கம்பம், மலாய்க்காரர்களின் கிராமம். அங்கே ஒருவரும் செம்பனை நட்டிருந்தார். அதுவும் மரம்தானே. குறுக்கே கிடந்த பலகைமேல் நடந்து கடந்தேன்.

மதியம் அவரே என்னையும் சாக்கையும் மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்து வீட்டு வாசலில் இறக்கினார். சிரித்துக்கொண்டேதான் விஷயத்தைச் சொன்னார். ஆனால் மகன் அடுத்தவர் பழத்தைத் திருடினான் என்று அப்பாவுக்கு மானம் போயிற்று. மலாய்க்காரர் போனதும் அப்பா ரோத்தான் பிரம்பை எடுத்தார்.

அக்கா நடுவில் வந்து நின்றாள்.

"அவன் சரியாத்தான் செஞ்சான்ப்பா. எங்க நிக்கணும்னு நான்தான் எழுதல."

"அதக்கூடவா எழுதிக் குடுக்கணும்?"

"ஆமாப்பா. அதுக்குத்தான் அந்தப் படிப்பே."

அப்பா பிரம்பைத் திரும்ப அதன் இடத்தில் வைத்தார். அக்கா அங்கேயே தரையில் உட்கார்ந்து, கால்வாய் வந்தால் நில் என்று ஒரு வரி சேர்த்தாள். மறுநாள் நான் சரியாக நின்றேன். அவளுக்கு இடம் கிடைத்தது.

கல்லூரியில் நிஜக் கம்ப்யூட்டர் கொடுத்திருக்கிறார்கள் என்று அவள் கடிதம் எழுதியபோது, என் வேலை போய்விட்டதென்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

நான் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எத்தனையோ பேரிடம் வேலை செய்தாயிற்று. சொன்னபடியே செய்து வேலை கெட்டுப்போன நாள்களும் உண்டு. சொன்னதில்தான் தவறு என்று இதுவரை ஒருவரும் என் பக்கம் வந்து நின்றதில்லை. பத்து வயதில், பெரியவர்கள் எல்லோரும் அக்கா மாதிரித்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.