ஜெபராணி கொண்டுவரும் நோட்டீஸ்

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். ஜெபராணி இரண்டு வருஷம் என் கண்ணடி பட்டும் ஒரு காய்ச்சல்கூட வராமல் இருந்தாள். அது எனக்குக் கூடுதல் எரிச்சல்.

அல்லிநகரத்தைத் தாண்டி எங்கள் காலனி. நாற்பத்திரண்டு வீடு. அதற்கு ஒரு குடியிருப்போர் நலச்சங்கம். ஜெபராணி அதன் செயலாளர். தேனி பஜாரில் நூல், பட்டன், லேஸ் விற்கிற சின்னக் கடை வைத்திருப்பவள். கணவர் இல்லை, ஒரே மகளும் கல்யாணமாகி திருச்சியில். படிப்பு பத்தாவது. நானோ உத்தமபாளையம் கோர்ட்டில் முப்பது வருஷம் பெஞ்சு கிளார்க். இரண்டாயிரத்து மூன்றில் ரிட்டயர் ஆகி இங்கே வீடு கட்டி வந்தேன். அந்த நாற்காலியில் யார் உட்கார வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

முதல் கூட்டத்துக்குப் போனபோது நான் பேசுவதற்கு நாலு பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டு போயிருந்தேன். பால்வாடிக் கட்டடத்தில் கூட்டம். ஜெபராணி எழுந்து தெருவிளக்குத் தீர்மானத்தை வாசித்தாள். ஒருவர் முன்மொழிகிறேன் என்றார், இன்னொருவர் வழிமொழிகிறேன் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எட்டு நிமிஷம். அப்புறம் பக்கோடாவும் டீயும் வந்துவிட்டன. கோர்ட்டில் ஒரு வாய்தா வாங்கவே அதைவிட அதிகம் பேசுவார்கள். என் குறிப்பில்தான் பக்கோடா வைத்துச் சாப்பிட்டேன்.

வயிறெரிந்தது. சங்கத்தின் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். பதினோராவது விதியில் பிடி கிடைத்தது. மூன்றில் ஒரு பங்கு ஆள், அதாவது பதினாலு பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். அடுத்த கூட்டத்தில் எண்ணினேன். பதினோரு பேர். எழுந்து நின்று, கோரம் இல்லை, கூட்டம் செல்லாது என்றேன். அந்த ஒரு நிமிஷம் என் வாழ்க்கையின் பொன்னான நிமிஷம்.

ஜெபராணி கோபப்படவில்லை. அரைமணி நேரம் ஒத்திவைப்போம் என்று சொல்லி டீயை முன்னாலேயே வரவழைத்தாள். பிறகு பன்னிரண்டாவது விதியை வாசித்தாள்: ஒத்திவைத்துக் கூடும் கூட்டத்துக்கு வந்தவர்களே போதும். அது புத்தகத்தில் அடுத்த பக்கம். முப்பது வருஷ பெஞ்சு கிளார்க் பக்கத்தைத் திருப்பவில்லை.

வீட்டுக்கு வந்து புலம்பினேன். என் மனைவி ராக்கம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள்.

"கூட்டம் அங்கன நடக்குதுன்னா நெனச்சீக? அது ஒரு வாரமா ஒவ்வொரு வாசல்லயும் நடந்து முடிஞ்சிருச்சு. நோட்டீஸ அந்தக்கா யார்கிட்டயும் குடுத்து விடமாட்டாக. அவுகளே கொண்டாந்து, கையெழுத்து வாங்குற சாக்குல எல்லாத்தையும் பேசிருவாக."

அவள் சொன்ன பிறகுதான் புரிந்தது. எங்கள் காலனியில் யாரும் யார் முகத்துக்கு நேராகவும் வேண்டாம் என்று கை தூக்கமாட்டார்கள். மறுநாள் காலையில் பால் பூத்தில் அதே முகத்தைப் பார்க்க வேண்டும். வேண்டாம் என்பதை வாசலில் மட்டும்தான் சொல்வார்கள். அதைக் கேட்டுத் தீர்த்துவிட்டுத்தான் ஜெபராணி கூட்டத்துக்கே வருவாள். என் வீட்டு வாசலுக்கும் வந்திருக்கிறாள். நான் உள்ளே பேப்பர் படித்துக்கொண்டு, ராக்கம்மாளைக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஆறில் தேர்தல் வந்தது. இந்த முறை ஏமாறுவதாக இல்லை. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். செயலாளர் பதவிக்கு நிற்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் ஆகட்டும் என்றார்கள். நாற்பது வீட்டிலும் ஆகட்டும். பத்து வயது குறைந்தது போல் நடந்தேன். ஜெபராணி வீட்டைத் தவிர்த்துவிட்டேன். கடைசியாக லாரி புக்கிங் ஆபீஸ் சங்கிலி வீடு.

"நீங்க ஏண்ணே வெயில்ல அலையிறீக?" என்றான் சங்கிலி. "அக்கா போன வாரமே வந்துட்டாக. எனக்கு முட்டி வலி, படியேற முடியல, அண்ணன் கோர்ட்டுல இருந்தவுக, மனு எழுதத் தெரிஞ்சவுக, அவுகளயே போட்ருவோம்னு சொல்லிட்டுப் போனாக."

அவன் கொடுத்த மோரைக் குடிக்க முடியவில்லை. எதிர்த்து நின்று தோற்றிருந்தால்கூட எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

கூட்டத்தில் ஜெபராணியே முன்மொழிந்தாள். அத்தனை கையும் உயர்ந்தது. தீர்மானப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள். அதில் நான் எழுதிய முதல் தீர்மானம், முன்னாள் செயலாளருக்கு நன்றி. மூன்று வரியில் முடிக்கப் பார்த்தேன். உட்கார்ந்திருந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லிச் சொல்லி ஒன்றரைப் பக்கம் எழுதவைத்தார்கள்.

இப்போது இரண்டாயிரத்துப் பத்து. இன்னும் நான்தான் செயலாளர். நோட்டீஸை நானே கொண்டுபோகிறேன். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி கேட்கிறார்கள்.

"அக்கா என்ன சொன்னாக?"

"சரின்னுட்டாக" என்கிறேன். பொய்யில்லை. நோட்டீஸை எடுத்துக்கொண்டு நான் முதலில் போவது அவள் வீட்டுக்குத்தான்.